அரையிறுதிக்கு மறுநாள்

விடியற்காலை நாலே முக்கால்.
உட்லண்ட்ஸ் பேருந்து முனையக் கேன்டீனில்
முதல் தே-ஓ ஆறுவதற்குள்
தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"இர்பான் தேறமாட்டான்.
பெண்டாட்டியை விட்டால் அவனுக்கு வேறு கதையே இல்லை"
என்றார் குணாளன்,
இரண்டு விவாகரத்துக்கும்
அரை நாள் லீவு மட்டுமே போட்டவர்.

"தேவசகாயம் பரவாயில்லை.
ஆனால் நாம் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுகிறான்.
சாப்பாடு பரிமாறுமுன்
சமையல்காரன் ஏப்பம் விட்ட மாதிரி."
இது பத்மாவதி.
தேவசகாயத்துக்கு நேற்று கிடைத்ததைவிட
இங்கே கைதட்டல் கூடுதல்.

பச்சைச் சட்டை நடுவர்
ஏழரைக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை.
எங்கள் போனஸ் கமிட்டியில்
இருந்து பழகியவராக இருக்கும்.

லிம் பெங் சூனுக்குத் தமிழ் தெரியாது.
போன வாரம் ஓய்வறையில்
எங்களோடு உட்கார்ந்து பார்த்தார்.
கீழே ஓடும் ஆங்கில வரி
பேசுகிறவனை முந்திக்கொண்டு வந்துவிடும்.
அவர் சிரித்தால்
நாங்கள் தயாராகிவிடுவோம்.

அப்புறம் அந்தக் கதிரேசன்,
லாரியில் வேலைக்குப் போகிறவர்கள்
பேசுவதுபோல் பேசிக்காட்டினானே, அவன்.
ஏனோ எல்லோரும்
மேசை துடைக்கும் வைரவனைப் பார்த்தோம்.
"எங்க பட்டுக்கோட்டைப் பேச்சு இல்லண்ணே அது.
எந்த ஊர்ப் பேச்சும் இல்ல"
என்றான்.
துடைத்த இடத்தையே
இன்னொரு முறை துடைத்தான்.

"சரி, அந்த நர்ஸ் பொண்ணு?
பூங்கோதை?"

மழை, என்று ஆரம்பித்தாள் அவள்.
அம்மா பிறந்தநாள்.
கையில் கேக் பெட்டி, பச்சை நாடா.
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன்.
டிரைவர் என்னைப் பார்க்கிறார்.
நான் அவரைப் பார்க்கிறேன்.
சினிமாவாக இருந்தால் இங்கே ஒரு பாட்டு.
சிங்கப்பூர், அதனால் கதவு.
மனிதர் தலையை வேறு ஆட்டுகிறார்,
கல்யாண வீட்டில்
மொய்க் கவர் வாங்கிக்கொண்டு ஆட்டுவார்களே, அப்படி.
வீட்டில் போய்த் திறந்தால்
'வாழ்க'வில் எல்லாம் கரைந்து 'ழ' மட்டும் மிச்சம்.
அம்மா சொல்கிறாள்:
பரவாயில்லை லா, முக்கியமான எழுத்து தப்பித்துவிட்டது.

"நம் மானத்தை வாங்கிவிட்டாள்" என்றார் குணாளன்.
"மூன்று நிமிடம் தாமதமானால்
யார் பதில் சொல்வது? அதைச் சொன்னாளா?"
"அவள் என்ன, மேடையில்
நேர அட்டவணையா வாசிக்கவேண்டும்?"
பத்மாவதி குவளையை வைத்த வேகத்தில்
தே சிந்தியது.
வைரவன் வந்தான்.

எந்த டிரைவர் என்று யாரும் கேட்கவில்லை.
இந்தத் தீவில் எத்தனை ஆயிரம் கதவு.

நாடா பச்சை இல்லை.
சிவப்பு.
தலையை நான் ஆட்டவில்லை,
வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.
ஆட்டியும் இருக்கலாம்.

நேற்றிரவு சோபாவில் படுத்துக்கொண்டு
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
சிரித்து முடிகிற இடத்தில்தான்
அந்த நிறுத்தம் தெரிந்தது,
மேம்பாலத்துக்குக் கீழே, போன பிப்ரவரி.
மனைவி கேட்டாள், ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று.
என் ஃபோனிலிருந்து ஒரு ஓட்டு போட்டேன்.
அவள் தூங்கியபின்
அவள் ஃபோனிலிருந்து இன்னொன்று.

"நீ யார் பக்கம்?" என்றார் குணாளன்.
வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்றேன்.

இரண்டாவது நிறுத்தம். இருட்டு.
கண்ணாடியில் ஒருவன்
தலைதெறிக்க ஓடிவருகிறான்.
கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
பின்னால் யாரோ 'உச்' கொட்டினார்கள்.
ஒரு நிமிடம். ஒன்றேகால்.
வந்தான்,
மூச்சு வாங்க,
எனக்குக் கை காட்டினான்,
கதவைத் தாண்டி ஓடிக்கொண்டே போனான்.
காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து.

லிம் வண்டியில் இருந்திருந்தால்
எனக்கு அரை வினாடி முன்பே
சிரித்திருப்பார்.